பார்க்காமல் எழுதிய தொண்ணூறு

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல இரண்டு முறை முயன்றேன். முதல் முறை பாதி எழுந்து, பாட்டுப் புத்தகத்தை எடுப்பதுபோல் குனிந்துவிட்டேன். இரண்டாம் முறை, "பரீட்சையில் எனக்கு ஜெயம் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அன்று முழுதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியை மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அது என்ன நன்றி? வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயராணி. நல்லம்பள்ளியில் இருக்கிறோம். என் கணவர் சேகர், பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஓட்டுகிறார். நான் பாலக்கோடு பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பதின்மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். பழம் பொறுக்கும் பெல்ட்டில் சேர்ந்தேன். அஞ்சல் வழியில் டிகிரி முடித்ததால் தரம் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பழம் கழுவுவதிலிருந்து டின் மூடுவது வரை எந்த இடத்தில் என்ன கெடும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அப்படி ஒரு பெருமை எனக்கு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரியில், எங்கள் மேலாளர் தினகரன் சார் என்னையும் திவ்யாவையும் கூப்பிட்டார். திவ்யா உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண். உணவுப் பாதுகாப்பு ஆடிட்டர் பரீட்சைக்கு எங்கள் இருவரையும் கம்பெனியே அனுப்புகிறது என்றார். ஓசூரில் ஐந்து நாள் வகுப்பு, கடைசி நாள் பரீட்சை. பாஸ் செய்தால் கம்பெனியின் மூன்று யூனிட்டுகளையும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பு.

"அக்கா, நீங்க சும்மா போய் எழுதிட்டு வந்துருவீங்க. எனக்குத்தான் பயமா இருக்குது" என்றாள் திவ்யா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திவ்யா பாஸ். நான் ஃபெயில்.

வகுப்பு எடுத்தவரிடம் போனில் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "உங்க பேப்பர்ல எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தாங்க மேடம். தெர்மாமீட்டர் தப்புக் காட்டுதுன்னு கேள்வி வந்தா, உடனே மாத்தணும்னு எழுதியிருக்கீங்க. குழாய் கசியுதுன்னா ஃபிட்டரைக் கூப்பிடணும்னு எழுதியிருக்கீங்க. அது வேலை செய்றவங்க பதில். ஆடிட்டர் சரி பண்ண வரலை. பார்க்கணும், கேட்கணும், ஆதாரத்தை எழுதணும். உங்க அனுபவந்தான் உங்களைத் தள்ளி விட்டிருக்கு."

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பதினொரு வருஷம் ஆவியிலும் ஈரத்திலும் நின்றவள் தோற்றேன். சீசனையே பார்க்காத பெண் ஜெயித்தாள். ஒரு வருஷத்துக்குள் இன்னொரு முறை எழுதலாம். அதிலும் போனால் வாய்ப்பு அவ்வளவுதான். வெறி பிடித்ததுபோல் படிக்க ஆரம்பித்தேன். வேனில் படித்தேன். சோறு வடிக்கும்போது படித்தேன். கடைசியில், படிக்கக் கூடாத நேரத்திலும் படித்தேன். என் பாவம் அங்கேதான் தொடங்கியது.

ஜூன் மாதம். மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். கூழை டின்னில் அடைக்கும் முன் ஒரு இயந்திரத்தில் சூடேற்றுவோம். தொண்ணூறு டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கிருமி சாகாது. டின் சில நாளில் உப்பி, கூழ் புளித்துப் போகும். அதனால் அரை மணிக்கு ஒரு தரம் போய், சூட்டைப் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தானாகப் பதிவு செய்யும் கருவி அந்த சீசனில் பழுதாகிக் கிடந்தது. அதனால் அந்தத் தாள் மட்டுமே சாட்சி. அந்தத் தாள் என் கையில்.

ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணிக்குச் சூட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சாம்பிள் டின்களும் எடுத்துக்கொண்டேன். பிறகு பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை என்று மூன்று கட்டத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினேன். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. மூன்று கையெழுத்து. அதற்கு முன்னும் ஒன்றிரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். லேபுக்குப் போய்க் கதவைச் சாத்தி ஆடிட்டர் பரீட்சைப் புத்தகத்தை விரித்தேன். அன்று நான் படித்த பாடம், பதிவேடுகள் உண்மையாக இருக்க வேண்டியதன் அவசியம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது நடந்தது.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. எழுதினேன்.

மறுநாள் காலை, அந்த இயந்திரத்தை ஓட்டும் முருகேசண்ணன் டீ குடித்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "நேத்து பாய்லர்ல தண்ணி பம்ப் மக்கர் பண்ணிடுச்சுங்க மேடம். பன்னெண்டு மணியிலருந்து முக்கா மணி நேரம் ஸ்டீமே ஏறல. சூடு எழுவதுக்கு எறங்கிப் போச்சு."

"லைனை நிறுத்தலையாண்ணா?" என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பன்னெண்டரைக்கு நீங்க வந்து பார்த்திருப்பீங்களே. நிறுத்தறதா இருந்தா நீங்கதான சொல்லணும்? நீங்க ஒண்ணுஞ் சொல்லலையேன்னு ஓட்டிட்டேங்க."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். அன்று பிடித்த பயம் பதினோரு நாள் விடவில்லை.

ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் எடுத்த சாம்பிள் டின்களைப் பத்து நாள் ஒரு சூட்டறையில் அடுக்கி வைப்போம். கெட்ட டின்னாக இருந்தால் உப்பிவிடும். உப்பாவிட்டால் பேட்ச்சை அனுப்பலாம். தினமும் காலையில் வேனை விட்டு இறங்கியதும் நேராக அந்த அறைக்கு ஓடினேன். ஒவ்வொரு மூடியாக விரலால் தட்டினேன். எல்லாம் கிண்ணென்று கேட்டன.

"எல்லாம் சூப்பரா இருக்குதுக்கா. எதுக்கு இந்தப் பேட்ச்சையே சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்றாள் திவ்யா.

அவளுக்குத் தெரியாது. நான் சாம்பிள் எடுத்தது பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும். நடுவில் ஸ்டீம் இல்லாத நேரத்து டின் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. அந்த அறை நல்ல சாட்சி சொல்லத்தான் போகிறது. என் தாளும் நல்ல சாட்சி சொல்லத்தான் போகிறது. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி. அந்தப் பேட்ச் கப்பலேறி வெளிநாடு போகப் போகிறது. குழந்தைகளுக்கான உணவு தயாரிக்கும் கம்பெனி ஒன்று வாங்குகிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை தினகரன் சார் அறை வரை போனேன். கதவருகே போனதும் நின்றுவிடுவேன். வேலை போகும். பொய் எழுதியவள் என்று பேர் வரும். ஆடிட்டர் பரீட்சை எழுதத் தகுதி உண்டா என்று கேட்பார்கள். திரும்பி வந்துவிடுவேன். வீட்டில் டின் திறக்கிற சத்தம் கேட்டாலே திடுக்கிட்டேன். என் மகள் வயிறு வலிக்கிறது என்று சொன்னபோது எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவள் சாப்பிட்டது கடலை மிட்டாய்.

ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வராது. "ஆண்டவரே, நிறுத்தும். அந்த டின்களை எப்படியாவது நிறுத்தும்." இவ்வளவுதான் வரும். எப்படி நிறுத்துவார், நான் வாயைத் திறக்காமல்? அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொன்னார்கள். என் முறை வந்தது. "என் பரீட்சைக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். கூட்டம் முடிந்ததும் ஸ்டெல்லாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் தையல் வேலை செய்கிறவர். அதிகம் பேசாதவர்.

"என்னா ஜெயா, கை இப்படிச் சில்லுன்னு கெடக்குது? பரீட்சைக்கா இப்படி நடுங்கற?"

"ஆமாங்கக்கா."

"அது இல்ல. சரி, எங்கிட்டச் சொல்ல வேணாம். ஆனா யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லிப்புடு. அதுக்கு தைரியம் குடுன்னு நானு ஜெபம் பண்றேன்."

அப்போதும் சொல்லவில்லை. வியாழன் போனது. வெள்ளி போனது. சனிக்கிழமை பத்து நாள் முடிந்தது. சாம்பிள் டின் ஒன்றும் உப்பவில்லை. பேட்ச்சை அனுப்பலாம் என்று தினகரன் சார் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கன்டெய்னர் வரும் என்றார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் கை அப்படியே நின்றது.

"வேலை போயிடும்ங்க" என்றேன்.

அவர் முகத்திலும் பயம் தெரிந்தது. ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது என்று இருவருக்கும் தெரியும். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது புள்ள. வேலை போனா இன்னொரு வேலை தேடலாம். அதை யாராச்சும் தின்னு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா, நீ அப்பறம் எந்த வேலைக்கும் போக மாட்ட. உன்னை எனக்குத் தெரியும். நாளைக்கிப் போனதும் சொல்லிப்புடு. நானு உன்னை வண்டியில கொண்டாந்து வுடறேன்."

இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். அவர் சத்தமாக ஜெபிக்கிறவர் இல்லை. அன்று ஜெபித்தார்.

திங்கட்கிழமை ஏழரைக்கே கேட்டில் இறங்கினேன். கன்டெய்னர் வந்துவிட்டதா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"அது நேத்தே வந்து லோடு ஏத்திக்கிட்டுப் போயிடுச்சுங்களே."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சேகரின் வண்டி அதற்குள் திரும்பிப் போயிருந்தது. ஒரு யோசனை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். "போனது போய்விட்டது, இனி சொல்லி என்ன ஆகப் போகிறது, பேசாமல் இரு" என்று வந்தது. அந்தக் குரல் இதமாக இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் பயம் வந்தது. "ஆண்டவரே, என் காலை நடத்தும்" என்றேன். கால் நடந்தது. தினகரன் சார் அறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். எந்தப் புதன்கிழமை, எந்த மணி, எந்தக் கட்டம், எங்கே உட்கார்ந்து எழுதினேன், அப்போது என்ன படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம். அவர் முகம் வெளுத்தது. என்னைத் திட்டவில்லை. மேசை மீதிருந்த தாள்களை வேகமாகப் புரட்டினார்.

"எந்த பேட்ச்? நம்பரைச் சொல்லும்மா."

சொன்னேன்.

போனை எடுத்துத் திவ்யாவைக் கூப்பிட்டார். அவள் குடோன் ரிஜிஸ்டரோடு ஓடி வந்தாள். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"சார், இது போகலைங்க சார். லேபிள்ல காலாவதி தேதி அச்சாகாம வந்துருச்சுன்னு சனிக்கிழமை சாயங்காலம் பிரஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பினோமே. லேபிள் இல்லாததால இதை வுட்டுட்டு முந்தின பேட்ச்சை ஏத்திட்டாங்க. இது குடோன்லதான் இருக்குது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. அச்சகத்தில் யாரோ ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டார். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். "நிறுத்தும்" என்று பதினோரு நாள் கேட்டவளுக்கு அது தற்செயல் இல்லை.

டின் மூடியில் தேதியோடு மணியும் அடித்திருக்கும். திவ்யாவும் நானும் இன்னும் நான்கு பேரும் அந்த மணிக்குரிய டின்களை இரண்டு நாள் தேடிப் பிரித்தோம். இருநூற்றுச் சொச்சம் இருந்தன. எட்டு டின்கள் உப்பியிருந்தன. ஒன்றின் ஓரம் விட்டுக் கூழ் நுரைத்து வழிந்திருந்தது. அந்தப் புளித்த நாற்றம் இன்றும் சில நேரம் என் மூக்கில் வரும். திவ்யா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த டின்னைத் தனியாக எடுத்து வைத்தாள்.

வேலை போகவில்லை. ஆனால் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடவும் இல்லை. மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து எடுத்து, மறுபடி பழம் பொறுக்கும் பெல்ட்டில் நிறுத்தினார்கள். முருகேசண்ணனுக்கும் மெமோ வந்தது. "உண்மையச் சொன்னீங்க, சரி. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டீங்களே மேடம்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். பழையபடி பேச அவருக்குப் பல மாதம் ஆனது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆகஸ்ட்டில் வாங்குகிற கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் வந்தார். பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசும் அம்மா. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்டனை கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. "எத்தனை மணிக்கு? யார் பார்த்தாங்க? அந்தத் தாளைக் காட்டுங்க. அதுக்கு அப்புறம்?" இவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதினார். இடையில் ஒரு முறை நான், "இனிமேல் பதிவுக் கருவியை உடனே சரி பண்ணணும் மேடம்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "அதை உங்க கம்பெனி முடிவு பண்ணட்டும். நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஓசூரில் வகுப்பெடுத்தவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புத்தகத்தில் ஐம்பது முறை படித்தும் புரியாதது, குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்தபோது புரிந்தது.

மறுபடி பரீட்சை எழுதப் போவதில்லை என்று தினகரன் சாரிடம் சொன்னேன். "தைரியமா வந்து சொன்னீங்க. போய் எழுதுங்க" என்று அவர்தான் பெயரைக் கொடுத்தார். செப்டம்பரில் ஓசூர் போனேன். பஸ்ஸில் இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடப் பார்த்தேன். எனக்கென்ன தகுதி என்ற பயம்தான். கேள்வித்தாளைப் பார்த்ததும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. பேனாவைக் கீழே வைத்துக் கண்ணை மூடினேன். "ஜெயிக்க வேண்டாம் ஆண்டவரே. பார்த்ததை மட்டும் எழுத வையும்" என்று ஜெபித்தேன். பிறகு ஒவ்வொரு கேள்வியிலும், என்ன தெரிகிறது, யாரைக் கேட்பேன், எந்தத் தாளைப் பார்ப்பேன் என்று மட்டும் எழுதினேன். சரி செய்யப் பரபரத்த கையை அடக்கிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தேவைக்கு மேல் நான்கே மதிப்பெண். ஆனால் பாஸ். முன்பு சொன்னபடியே மூன்று யூனிட்டுகளையும் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

வேலை அனுபவம் இருந்தால் ஆடிட்டர் பரீட்சையில் பாஸ் செய்துவிடலாமா என்று இப்போது பலர் என்னைக் கேட்கிறார்கள். முதல் முறை என் அனுபவமே என்னைத் தோற்கடித்தது, எல்லாம் தெரியும் என்று நினைக்க வைத்ததால். இரண்டாம் முறை அதுவே கை கொடுத்தது, எங்கே பொய் எழுதுவார்கள், ஏன் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததால். படிக்கத்தான் வேண்டும். அனுபவம் படிப்புக்குப் பதில் ஆகாது. ஆனால் நீங்கள் வேலையில் செய்த தவறை உண்மையாகப் பார்த்திருந்தால், படித்தது உள்ளே இறங்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

பயம் போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். இன்றும் ஒரு யூனிட்டுக்குள் நுழையும்போது அது கூடவே வருகிறது. முன்பு, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். இப்போது, நான் கவனிக்காமல் விட்டுவிடுவேனோ என்று பயப்படுகிறேன். இந்தப் பயத்தோடு நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.

போன மாதம் எங்கள் தக்காளி யூனிட்டில் ஒரு பெண் நான் வருவதைப் பார்த்ததும் ஒரு தாளைக் கையால் மூடினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் பதினோரு நாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானும் இப்படி எழுதியிருக்கேம்மா" என்றேன். அவள் கையை எடுத்தாள். மூன்று கட்டங்கள் முன்கூட்டியே நிரம்பியிருந்தன. "திட்டுவீங்களாக்கா?" என்றாள். "திட்ட மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுவேன். நீ எங்கூட வா, ரெண்டு பேரும் போயி இப்ப என்ன சூடுன்னு பார்க்கலாம்" என்றேன். எழுந்து வந்தாள்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது ஒரு விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஜெபத்தில் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கலாம். நானும் கேட்டேன். ஆண்டவர் அதற்காக என்னைத் தள்ளிவிடவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த டின்களைப் பிடித்து வைத்திருந்தார். உங்களுக்கும் அவர் எங்கோ எதையோ பிடித்து வைத்திருப்பார் என்று நம்புகிறேன். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதனால் தாமதிக்காதீர்கள். நடுங்கினால் நடுங்கிக்கொண்டே போங்கள். சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள்.